வகுப்பறையில் எழுந்த கேள்வி, ஹேக் நகரில் கிடைத்த பதில்: பசிபிக் சட்ட மாணவர்களின் ஆறு ஆண்டுகள்

மாணவர் ஒருவர், நாடுகளுக்கிடையிலான வழக்குகளைக் கேட்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்தின் படியேறி வழக்குத் தொடுக்க முடியாது. தனிமனிதர் எவருக்கும் அங்கே இடமில்லை; சங்கங்களுக்கும் இல்லை. நாடுகள் மட்டுமே வழக்காடலாம் என்று அந்த நீதிமன்றத்தின் சட்டவிதி 34 ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நாடுகளும்கூட நினைத்த மாத்திரத்தில் இன்னொரு நாட்டை அங்கே இழுத்துவர முடியாது. எதிர்த்தரப்பு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏதாவது ஒரு வகையில் ஏற்றிருக்க வேண்டும். 2019 மார்ச் மாதம் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்களுக்கு இவையெல்லாம் பாடமாகவே தெரியும். தெரிந்தேதான் அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2025 ஜூலை 23 அன்று, நெதர்லாந்தின் ஹேக் நகரில் நீதிமன்றம் இருக்கும் அமைதி மாளிகையில், நீதிமன்றத்தின் தலைவர் யூஜி இவாசாவா, காலநிலை மாற்றத்தில் நாடுகளின் கடமை என்ன என்ற அந்த மாணவர்களுடைய கேள்விக்கான பதிலை இரண்டு மணி நேரம் வாசித்தார். பதினைந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த பதில் அது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் நடந்ததைச் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், குறிப்பாகக் கல்லூரியில் ஒரு சுற்றுச்சூழல் சட்டக் குழு வைத்திருப்பவர்கள், நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த மாணவர்களின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். அவர்களுடைய சட்ட அறிவைப் பற்றிப் பேசியது குறைவு.

எந்தக் கதவு

தென் பசிபிக் பல்கலைக்கழகம் பன்னிரண்டு தீவு நாடுகளுக்குப் பொதுவானது. 1968இல் தொடங்கியது, தலைமையகம் ஃபிஜியின் சுவா நகரில் இருக்கிறது. சட்டக் கல்வி மட்டும் போர்ட் விலாவின் எமாலஸ் வளாகத்தில் நடக்கிறது. ஆகவே அங்கே ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தால் சாலமன் தீவுகள், ஃபிஜி, துவாலு, டோங்கா என்று பல நாட்டுப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். அந்த ஆண்டு சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்ட வகுப்பில் அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி, காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளச் சர்வதேசச் சட்டத்தில் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தேடுவது.

அந்த மாணவர்களுக்கு இது ஏட்டுப் பாடமாக மட்டும் இருந்திருக்க முடியாது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 மார்ச்சில், பாம் புயல் வனுவாட்டுவைப் புரட்டிப்போட்டது. சேதமும் இழப்பும் சேர்ந்து நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 64 சதவீதம் என்று அரசின் மதிப்பீடு சொன்னது. புவியைச் சூடாக்கும் வாயுக்களில் இந்தத் தீவுகளின் பங்கு மிகச் சொற்பம். செய்தவர் ஒருவர், பட்டவர் இன்னொருவர் என்பது பசிபிக் கடலில் கண்ணுக்கு முன்னால் நிற்கும் உண்மை.

அப்படியானால் செய்தவர் மீது வழக்குப் போடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் மாணவர்கள் நிதானித்தார்கள். பெரிய நாடுகள் பல, நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்கவில்லை. ஒரு நாட்டை மட்டும் எதிர்த்தரப்பாக நிறுத்தினால், 'உலகம் முழுவதும் புகை விடும்போது என்னை மட்டும் ஏன் கேட்கிறாய்' என்ற வாதம் தயாராக இருக்கும். இந்தச் சுவரைச் சுற்றிப்போக ஒரு பக்கவாசல் இருந்தது. ஐ.நா. சாசனத்தின் 96ஆம் பிரிவின்படி, எந்தச் சட்டக் கேள்வியிலும் பொதுச்சபை அந்த நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்கலாம். அதில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. எவர் சம்மதமும் தேவையில்லை. பொதுச்சபை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அதன் கனம் எத்தகையது என்பதற்கு மாணவர்களின் காலத்திலேயே ஓர் உதாரணம் இருந்தது. 2019 பிப்ரவரி 25 அன்று, அவர்கள் கூடிப் பேசத் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் கைவசம் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று இதே நீதிமன்றம் ஆலோசனைக் கருத்துச் சொன்னது. பிரிட்டன் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் 2025 மே மாதம், அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் அதே பிரிட்டன் கையெழுத்திட்டது.

காலநிலைக்காக இந்தப் பக்கவாசலைத் தேடியவர்களில் இவர்கள் முதல்வர்கள் இல்லை. 2011 செப்டம்பரில் பலாவ் நாட்டின் அதிபர் ஜான்சன் டோரிபியோங் பொதுச்சபையில் நின்று, நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கப்போவதாக அறிவித்தார். அந்த முயற்சி வாக்கெடுப்பு வரைகூடப் போகவில்லை. வழி சரிதான் என்பதும், தனி ஒரு சிறு நாடு அதில் தூரம் போக முடியாது என்பதும் ஒருசேரத் தெரிந்த பிறகே போர்ட் விலா மாணவர்கள் இறங்கினார்கள். தங்கள் குழுவுக்குக் 'காலநிலை மாற்றத்தை எதிர்த்துப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள்' என்று பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய பிரச்சினையை உலகின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது என்பது அவர்களுடைய முழக்கமாயிற்று.

ஒரு பழைய வழக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னே போய் இன்னொரு மாணவர் குழுவைப் பார்ப்பது பயன் தரும். 1971இல் அமெரிக்கத் தலைநகரின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐந்து சட்ட மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஸ்கிராப்', அதாவது பழைய இரும்பு, கழிவுப் பொருள் என்று பொருள் வரும். ரயில் நிறுவனங்கள் சரக்குக் கட்டணத்தை 2.5 சதவீதம் உயர்த்த மத்திய ஆணையம் இடம் கொடுத்ததை எதிர்த்து அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

கட்டணத்துக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் காட்டிய சங்கிலி இது. கட்டணம் ஏறினால் கழிவுப் பொருளை மறுசுழற்சிக்கு அனுப்பும் செலவு ஏறும். செலவு ஏறினால் ஆலைகள் புதுத் தாதுவையும் புது மரத்தையும் நாடும். அதனால் சுரங்கமும் மரம் வெட்டுவதும் பெருகும். மறுசுழற்சிக்குப் போகாத குப்பை பூங்காக்களில் சேரும். அந்தப் பூங்காக்களிலும் மலைகளிலும் நாங்கள் நடக்கிறோம், ஆகவே பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள். இத்தனை கண்ணிகள் இருந்தும், வழக்குத் தொடுக்கும் தகுதி அவர்களுக்கு உண்டு என்று 1973 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சுற்றுச்சூழல் வழக்குகளில் அந்தத் தகுதி எட்டிய மிகத் தொலைவான எல்லை இன்றுவரை அதுதான். ஆனால் 1975இல், வழக்கின் சாரத்தில் மாணவர்கள் தோற்றார்கள். பிற்காலத்தில் உச்ச நீதிமன்றம் தகுதிக்கான வரம்பை மறுபடி இறுக்கிக்கொண்டது.

இரண்டு குழுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்குகிறது. வாஷிங்டன் மாணவர்கள் தங்களையே பாதிக்கப்பட்டவர்களாகக் காட்ட வேண்டியிருந்தது. அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி வாசலில் நுழைவதற்கே செலவானது. பசிபிக் மாணவர்களின் ஊர்களில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. பாதிப்பைக் காட்ட எந்தச் சங்கிலியும் தேவைப்படவில்லை. ஆனால் நுழையும் உரிமை அவர்களுக்குத் துளியும் இல்லை. பேசும் உரிமை உள்ள ஒருவரை, அதாவது ஒரு நாட்டை, தங்கள் கேள்வியைத் தூக்கிச் சுமக்க வைப்பது ஒன்றே வழி.

சுமந்தவர்கள்

மாணவர்கள் பசிபிக் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அவர்களை அழைத்துப் பேசியது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ரால்ஃப் ரெகன்வானு அந்த யோசனையைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டார். 2019 ஆகஸ்டில் துவாலுவின் ஃபுனாஃபுடியில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள் கூடியபோது, யோசனையைக் 'குறித்துக்கொள்கிறோம்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அரசுகளின் மொழி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு மெலிந்த சொல் என்று தெரியும். குறித்துக்கொள்வதிலிருந்து ஆதரிப்பதற்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. 2022 ஜூலையில் சுவாவில் கூடியபோதுதான் மன்றம் முழுமனதாக ஆதரவு தந்தது.

இடையில் கொரோனா வந்தது, எல்லைகள் மூடப்பட்டன. 2020இல், பிற கண்டங்களின் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 'காலநிலை நீதிக்கான உலக இளைஞர்' என்ற அமைப்பு உருவானது. 2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு முறைப்படி அறிவித்தது. குவாம் தீவின் வழக்கறிஞர் ஜூலியன் அகுவோன் நடத்தும் சட்ட நிறுவனம் வனுவாட்டுக்காகச் சட்டப் பணியை முன்னின்று நடத்தியது. தீர்மானத்தை எழுத 18 நாடுகள் கொண்ட ஒரு மையக் குழு அமைந்தது. வங்கதேசம், கோஸ்டாரிகா, ஜெர்மனி, மொராக்கோ, நியூசிலாந்து, சமோவா, சியரா லியோன், சிங்கப்பூர், உகாண்டா, வியட்நாம் என்று பணக்காரரும் ஏழையும் கலந்த குழு அது.

2023 மார்ச் முதல் வாரத்தில், தீர்மானம் சபைக்கு வருவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஜூடி, கெவின் என்று இரண்டு கடும் புயல்கள் மூன்றே நாள் இடைவெளியில் வனுவாட்டுவைத் தாக்கின. அந்த ஈரம் காயுமுன் மார்ச் 29 அன்று அதன் பிரதமர் அலடோய் இஷ்மயேல் கல்சகாவ் நியூயார்க்கில் தீர்மானத்தை முன்வைத்தார். 130க்கும் மேற்பட்ட நாடுகள் உடன் முன்மொழிந்தன. எவரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை, கருத்தொருமிப்பில் நிறைவேறியது. அமெரிக்காவும் சீனாவும் முன்மொழியவில்லை, எதிர்க்கவும் இல்லை. இந்தியாவும் முன்மொழிந்தவர்களின் பட்டியலில் இல்லை.

கேள்வியின் வேலைப்பாடு

எதிர்க்க நினைத்தவர்களால் ஏன் எதிர்க்க முடியவில்லை? பதில் கேள்வியின் சொற்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் வேலைப்பாடு வியக்க வைக்கிறது. தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம். முதல் பகுதி: நாடுகளுக்காகவும் நிகழ்கால, வருங்காலத் தலைமுறைகளுக்காகவும், மனிதர் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களிலிருந்து காலநிலை அமைப்பையும் சுற்றுச்சூழலின் பிற பகுதிகளையும் காக்கச் சர்வதேசச் சட்டத்தின்படி நாடுகளுக்குள்ள கடமைகள் எவை? இரண்டாம் பகுதி: செயல்களாலும் செயலின்மையாலும் குறிப்பிடத்தக்க தீங்கு விளைவித்த நாடுகளுக்கு, அந்தக் கடமைகளின் கீழ் வரும் சட்ட விளைவுகள் எவை?

எந்த நாட்டின் பெயரும் இல்லை. குற்றச்சாட்டு இல்லை. 'இழப்பீடு' என்ற சொல் எங்கும் இல்லை. 'சட்ட விளைவுகள்' என்று மட்டும் இருக்கிறது. இழப்பீடு என்ற ஒரு சொல் நுழைந்திருந்தால் பணக்கார நாடுகள் பல அங்கேயே கையை உயர்த்தியிருக்கும். ஆனால் கடமையை மீறியதன் சட்ட விளைவு என்ன என்று ஒரு நீதிமன்றத்தைக் கேட்டால், அது இழப்பீட்டைப் பற்றிப் பேசாமல் பதிலை முடிக்கவே முடியாது. கேள்வியில் இல்லாத சொல்லைப் பதிலுக்குள் வர வைத்திருக்கிறார்கள்.

'செயலின்மை' என்ற சொல்லும் சும்மா வைக்கப்பட்டதன்று. எண்ணெய் தோண்டுவதும் நிலக்கரி எரிப்பதும் பெரும்பாலும் நிறுவனங்கள், அரசு அல்ல. அரசுகள் செய்வது உரிமம் கொடுப்பது, மானியம் கொடுப்பது, கட்டுப்படுத்தாமல் விடுவது. அந்த விட்டுவிடுதலையும் கேள்விக்குள் கொண்டுவந்தது அந்த ஒரு சொல்தான்.

கேள்வியில் ஒரு சொல்லைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் எத்தனை நாள் வாதம் நடந்திருக்கும் என்பதை, வரைவு எழுதிப் பழகியவர்கள் ஊகிக்க முடியும். சட்டக் கல்லூரிகளில் வாதத்திறமைக்குத் தரும் பரிசுகளில் பாதியைக் கேள்வி எழுதும் திறமைக்குத் தந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டு வாரங்கள்

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை ஹேக்கில் விசாரணை நடந்தது. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் பேசின. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் இவ்வளவு பெரிய பங்கேற்பு அதற்கு முன் இருந்ததில்லை. முதலில் பேசியது வனுவாட்டு, மெலனீசிய நாடுகளின் கூட்டமைப்போடு சேர்ந்து. ரெகன்வானு பேசினார், அரசின் தலைமை வழக்கறிஞர் ஆர்னால்ட் லஃப்மன் பேசினார். அந்தக் குழுவில்தான் மாணவர் குழுவின் தலைவர், சாலமன் தீவுகளின் சிந்தியா ஹொனியுஹி, எழுந்து தலைமுறைகளுக்கிடையிலான நீதியைப் பற்றி வாதிட்டார். வகுப்பறையில் தொடங்கிய 27 பேரில் அவரும் ஒருவர். மாணவர் குழுவுக்கு அந்த அரங்கில் தன் பெயரில் இருக்கை கிடையாது. ஒரு நாட்டின் குரலாகவே அவர் பேச முடிந்தது.

எதிர்வாதத்தின் சாரம் சுருக்கமானது. காலநிலைக்கென்றே பாரிஸ் ஒப்பந்தம் முதலான சிறப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. சிறப்புச் சட்டம் இருக்கும்போது பொதுச் சட்டத்தைத் தேடக் கூடாது. அமெரிக்கா, சீனா, சவூதி அரேபியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் வெவ்வேறு அழுத்தத்தில் இதையே சொன்னன. இந்தியா, வளர்ந்த நாடுகளின் கடந்தகாலப் பொறுப்பை அழுத்தமாக எடுத்துச் சொன்னது. கூடவே, இருக்கும் ஒப்பந்தங்களுக்கு அப்பால் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டது. முதல் பாதி நியாயமானது. இரண்டாம் பாதியில், நம் சொந்தக் கடற்கரைகளை நினைத்தாவது இந்தியா தீவு நாடுகளின் பக்கம் நின்றிருக்கலாம் என்பது என் வருத்தம்.

பதில்

நீதிமன்றம் அந்தச் சிறப்புச் சட்ட வாதத்தை ஏற்கவில்லை. காலநிலை ஒப்பந்தங்கள், பிற சுற்றுச்சூழல் ஒப்பந்தங்கள், கடல் சட்டம், மனித உரிமைச் சட்டம், இவற்றோடு, நாடுகள் கடமையென ஏற்றுக் கடைப்பிடிக்கும் நடைமுறையிலிருந்து உருவாகும் வழக்காற்றுச் சர்வதேசச் சட்டம் ஆகிய எல்லாமே பொருந்தும் என்றது. இந்தக் கடைசிப் பகுதி முக்கியமானது. வழக்காற்றுச் சட்டம் கையெழுத்தைப் பொறுத்ததன்று. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்கா மறுபடியும் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகும் ஆணையைப் பிறப்பித்திருந்தது. ஒப்பந்தத்தை விட்டு வெளியே போகலாம், கடமையை விட்டு வெளியே போக முடியாது என்பதே கருத்தின் பொருள்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் தரும் தேசிய இலக்குகள் அவரவர் விருப்பம் என்ற எண்ணத்தையும் நீதிமன்றம் தள்ளியது. புவியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தத்தக்க வகையில், தன்னால் இயன்ற உச்ச அளவில் ஒவ்வொரு நாடும் இலக்கு வைக்க வேண்டும். புதைபடிவ எரிபொருள் உற்பத்திக்கும் ஆய்வுக்கும் உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும் சர்வதேசச் சட்ட மீறலாக அமையக்கூடும். அந்தச் 'செயலின்மை' இங்கே தன் வேலையைச் செய்தது. மீறினால் அந்தச் செயலை நிறுத்த வேண்டும், மீண்டும் நிகழாதென உறுதி தர வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு முழுமையாக ஈடுசெய்ய வேண்டும். அப்படி ஈடுசெய்யும் வழிகளில் ஒன்றாக இழப்பீடும் பதிலில் வந்து உட்கார்ந்தது. இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரி, அமெரிக்க நீதிபதி சாரா கிளீவ்லாண்டுடன் சேர்ந்து, புதைபடிவ எரிபொருள் பற்றித் தனியாக ஒரு கூட்டு அறிக்கையே எழுதினார்.

குறைகளும் உண்டு. ஒரு நாட்டின் தவறுக்கும் இன்னொரு நாட்டின் குறிப்பிட்ட சேதத்துக்கும் இடையே போதிய அளவு நேரடியான, உறுதியான தொடர்பைக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். எந்தப் புயலில் எவருடைய புகை எத்தனை பங்கு என்று நிரூபிக்கும் பாரம் பட்டவர்கள் தலையிலேயே இருக்கிறது. அது இயலாததில்லை என்று நீதிமன்றம் சொன்னது, எளிதென்று சொல்லவில்லை. இனி வரும் வழக்குகளின் போர்க்களம் இதுவாகத்தான் இருக்கும்.

கட்டுப்படுத்தாத ஒரு கருத்து உள்நாட்டு நீதிமன்றங்களுக்குள் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு, பாலாற்றங்கரையிலேயே ஒரு விடை இருக்கிறது. வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தீங்கு அறிவியலில் உறுதியாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடு தரும் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்நாட்டுச் சட்டத்துக்கு முரண்படாத சர்வதேச வழக்காறு தானாகவே உள்ளே வந்துவிடும் என்பது அதன் காரணங்களில் ஒன்று. இப்போது எது வழக்காறு என்று ஹேக் நீதிமன்றமே எழுதித் தந்திருக்கிறது. அந்தப் பக்கங்களை நம் நீதிமன்றங்களின் முன் வைக்கும் வேலை நம் சட்ட மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.

2025 அக்டோபரில் மாணவர் குழுவுக்கும் ஜூலியன் அகுவோனுக்கும், 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அறிவிக்கப்பட்டது.

அதே கருத்தில் நீதிமன்றம் இன்னொன்றும் சொல்லியிருந்தது. ஒரு நாடு உருவான பிறகு, அதன் நிலமோ மக்களோ இல்லாமல் போவதாலேயே அது நாடு என்ற தகுதியை இழந்துவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை. தீவு நாடுகள் பல ஆண்டுகளாகக் கேட்க விரும்பிய வாக்கியம் அது. கருத்து வெளியாவதற்கு ஐந்து நாள் முன்புதான், ஜூலை 18 அன்று, துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறுவதற்கான முதல் விசாக் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கும் காலம் முடிந்திருந்தது. தலைவர்கள் யோசனையைக் குறித்துக்கொண்டு கலைந்த அதே துவாலு. மக்கள்தொகை ஏறக்குறைய 11,000. ஆண்டுக்கு 280 பேருக்கு இடம். குடும்பத்தாரையும் சேர்த்துப் பதிவானவர்கள் 8,750 பேர்.